பின்சீட்டுக்காரி

நசுங்கிப் போன வண்டிகளைப் பார்த்து, தப்பு யார் மேலன்னு எழுதிக் கொடுக்கறதுதான் என் பொழப்பு. இன்சூரன்ஸ் சர்வேயர்னு சொல்லுவாங்க. ரத்தக்கறை காயாத சீட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டவ நான். பேய், பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, "அதுக்கு லைசன்ஸ் இருக்கா?"ன்னு கேட்டு வாயை அடைச்சிடுவேன். அப்படிப்பட்டவ இன்னிக்கு இதைச் சொல்றேன்னா, பட்டவளுக்குத்தான் தெரியும்னு விட்டுடுங்க.

அன்னிக்குப் போன இடம் ஊருக்கு வெளியில ஒரு பழைய கல்குவாரி. கல்லையெல்லாம் வெட்டி எடுத்து முடிச்சப்புறம், ஒருத்தர் அதைக் குத்தகைக்கு எடுத்து, மேடு பள்ளத்துல வண்டி ஓட்டி விளையாடற இடமா மாத்தியிருந்தார். அந்த வண்டிக்கு ஏடிவின்னு பேரு. நாலு தடிமனான டயர், நடுவுல பைக் மாதிரி சீட்டு, ஹேண்டில்பார். காசு கொடுத்தா ஹெல்மெட்டை மாட்டி ஏத்தி விடுவாங்க. லீவு நாள்ல அங்க புழுதி அடங்கவே அடங்காதாம். நான் போனப்போ கேட் சாத்தியிருந்துச்சு. மத்தியானம்தான், ஆனா மேகம் மூடி வெளிச்சம் செத்துப் போயிருந்துச்சு. நாலு பக்கமும் வெட்டின கல்சுவர். ஒரு காக்கா குருவி சத்தம்கூட இல்ல.

விஷயம் இதுதான். அக்கா, தங்கச்சி ரெண்டு பேர் ஜாலியா வந்திருக்காங்க. அக்கா ஓட்டினா, தங்கச்சி பின்னாடி உட்கார்ந்தா. வண்டி குவாரிப் பள்ளத்துல விழுந்து, தங்கச்சி அங்கேயே போயிட்டா. அக்காவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தா. ஒருத்தர் மட்டும் உட்கார வேண்டிய வண்டியில தங்கச்சியை ஏத்திக்கிட்டு, கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிக் கொன்னுட்டான்னு போலீஸ் அந்த அக்கா மேலயே கேஸ் போட்டிருந்துச்சு.

அந்தப் பொண்ணு சொன்னது வேற. "ரெண்டு பேரும் ஏறுங்கன்னு அங்க வேலை பார்க்கறவங்கதான் சொன்னாங்க. ஒரு மேட்டுல வண்டி தூக்கிப் போட்டுச்சு. நான் விழுந்துட்டேன். வண்டி நிக்கல. அவளை மட்டும் வச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

யாரும் நம்பல. சத்தியமா நானும் நம்பல. ஏன்னா அந்த வண்டியில ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு முனை இஞ்சின் சுவிட்சுல, இன்னொரு முனை ஓட்டறவங்க மணிக்கட்டுல. ஆள் கீழே விழுந்தா கயிறு சுவிட்சைப் பிடுங்கிடும், இஞ்சின் அந்த நொடியே அணைஞ்சிடும். அவ நிஜமாவே விழுந்திருந்தா வண்டி நின்னிருக்கணும். நிக்கல. அப்ப அவ பள்ளத்து விளிம்பு வரைக்கும் வண்டி மேலதான் இருந்திருக்கா, தப்பிக்கறதுக்காகப் புளுகுறா. போலீஸ் போட்ட கணக்கு இவ்வளவுதான். நானும் அதையே எழுதிட்டா கம்பெனி கையை உதறிடும், குவாரியைக் குத்தகைக்கு எடுத்த முதலாளி ஜம்முனு இருப்பார், அந்தப் பொண்ணு கூடப்பிறந்தவளைக் கொன்னவங்கற பேரோட ஜெயிலுக்குப் போவா.

முதலாளி வாசல்லயே வந்து நின்னு வரவேத்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, தூக்கலான சென்ட்டு. "வாங்க மேடம், வாங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, ஜில்லுனு ஏதாவது குடிக்கறீங்களா?"

"வேண்டாம் சார். வண்டியைக் காட்டுங்க."

"காட்டறேன், காட்டறேன். என்னத்தைச் சொல்றது போங்க. நாங்க தொண்டைத்தண்ணி வத்தச் சொன்னாலும் இந்தக் காலத்துப் பொண்ணுங்க கேட்டாத்தானே? என் சொந்தப் பொறுப்புலதான் ஓட்டறேன்னு கையெழுத்து வேற போட்டிருக்கு. உங்களுக்கு வேலை ரொம்ப சுலபம்." இப்படிச் சொல்லிட்டு ஆபீஸ் ரூம் பக்கம் திரும்பி, "டேய் சுருட்டை!"ன்னு ஒரு குரல் கொடுத்தார்.

வந்தவனுக்கு வயசு முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கும். தலை நிறையச் சுருட்டை முடி, அதான் பேரு. வர்றவங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்து அனுப்பறது அவன்தான். என் முகத்தைப் பார்க்காம, என் செருப்பைப் பார்த்தே, "வாங்க மேடம்"னான்.

குவாரியோட கடைசியில தகரக் கொட்டகை. கதவைத் திறந்து விட்டவன் வாசப்படியைத் தாண்டல.

"உள்ள வாய்யா, ஒரு கை பிடிக்கணும்."

"நான் இங்கேயே நிக்கறேன் மேடம். வெளிச்சத்தை மறைக்க வேண்டாம்."

வெளிச்சத்தை வாசல்ல நின்னுக்கிட்டுதான் மறைச்சான். நல்ல ஆளுன்னு நெனச்சுக்கிட்டு டார்ச்சைப் போட்டேன். பெட்ரோல் வாசனை, நனைஞ்ச கல்லு வாசனை. அதுக்கு நடுவுல, இப்பத்தான் தலைக்குக் குளிச்சுட்டு வந்த மாதிரி ஒரு ஷாம்பூ வாசனை. எங்கிருந்து வருதுன்னு திரும்பிப் பார்த்தேன். மூலையில பழைய டயர்தான் அடுக்கியிருந்துச்சு.

வண்டிக்கு மூஞ்சியே இல்ல. முன்பக்கம் மொத்தமும் உள்ள போயிருந்துச்சு. ஹேண்டில்பார் வளைஞ்சு கிடந்துச்சு. இந்த வண்டியில ஆக்ஸிலேட்டரைக் கட்டைவிரலால அழுத்தணும், விரலை எடுத்தா தானா திரும்பி வரணும். அழுத்திப் பார்த்தேன். போனது போனதுதான், திரும்பல. கேபிள் வாயில கல்லுத்தூள் சிமென்ட் மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. இதை எத்தனை மாசமா யாரும் தொடவே இல்லன்னு தெரிஞ்சுது. அப்புறம் அந்தச் சிவப்புக் கயித்தைப் பார்த்தேன். வண்டி முழுக்கப் புழுதி, கயிறு மட்டும் பளபளன்னு புதுசு.

"இது எப்ப மாட்டினது?"

"பழசு அறுந்து போச்சு மேடம். முதலாளி மாட்டச் சொன்னார்."

"போலீஸ் பார்த்ததுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவன் மறுபடி என் செருப்பைப் பார்த்தான். வாயில கொழுக்கட்டையான்னு கேட்க வந்தேன், கேட்கல.

பின்பக்கம் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஸ்பிரிங்கைப் பார்த்தேன். அது உடையல. அடி எல்லாம் முன்னாடிதான். அளவு எடுக்கலாம்னு டேப்பை வச்சேன்.

ஸ்பிரிங் இறங்குச்சு.

டக்குனு இல்ல. யாரோ சத்தம் போடாம ஏறி உட்கார்ந்தா எப்படி இறங்குமோ, அப்படி மெதுவா. மேல சீட்டுல, பின்பாதி ரெக்சின் உள்வாங்கி ஒரு குழி விழுந்துச்சு. ஷாம்பூ வாசனை பக்கத்துல வந்துச்சு.

எண்ணெய் லீக்கா இருக்கும்னு விரலை விட்டுத் தடவினேன். சொட்டு எண்ணெய் இல்ல.

"மேடம்." சுருட்டை ரகசியக் குரல்ல கூப்பிட்டான். "போதும், வந்துடுங்க. ஏறிடுச்சுன்னா எறங்க நேரமாகும்."

"எதுய்யா ஏறிடுச்சு? பல்லியா?"

சிரிச்சேன். என் சிரிப்பு எனக்கே பிடிக்கல. எழுந்து வெளியில வந்துட்டேன்.

வெளியில வந்ததும் எனக்கு என் மேலயே கோபம். ஒரு ஸ்பிரிங் அசைஞ்சதுக்கு இப்படி வேர்க்குதேன்னு. அந்த வேகத்துல, "இதே மாடல்ல இன்னொரு வண்டி எடுய்யா. விழுந்த இடம் வரைக்கும் நானே ஓட்டிப் பார்க்கணும்"னேன். "நடந்தே போயிடலாமே மேடம்"னான். "சொன்னதைச் செய்"னு ஒரு அதட்டு போட்டேன். நான் குனிஞ்சு ஹெல்மெட் வாரை மாட்டி முடிக்கறதுக்குள்ள, அவன் வண்டியைக் கிளப்பி, ஹேண்டில் பக்கம் என்னமோ சரி பண்ணிட்டு விலகி நின்னான். நான் கையுறையை இழுத்து விட்டுக்கிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

முதல் கொஞ்ச தூரம் சொன்ன பேச்சு கேட்டுப் போச்சு. இஞ்சின் சத்தம் கல்சுவத்துல மோதித் திரும்பி வந்துச்சு. வெள்ளைக் கல்லு, வெள்ளைப் புழுதி, மேல சாம்பல் வானம். தடம் மெல்ல மேடேறி பள்ளத்தோட விளிம்பு பக்கம் போச்சு. விபத்துக்கு அப்புறம் அங்க டயர்களை அடுக்கித் தடுப்பு வச்சிருந்தாங்க.

மேட்டுல ஏறறப்ப ஹேண்டில் லேசாச்சு.

பின்னாடி ஆள் இருந்தா அப்படி ஆகும். பாரம் பின்னாடி போனா முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். தனியா ஓட்டறப்ப ஆகக் கூடாது.

ஷாம்பூ வாசனை.

அப்புறம் ரெண்டு கை என் இடுப்பைப் பிடிச்சுச்சு.

சில்லுனு இருந்துச்சு. ஆனா கெட்ட எண்ணத்தோட பிடிக்கல. பயந்து போன குழந்தை பிடிக்கற பிடி. சட்டையோட சேர்த்து, விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியற மாதிரி இறுக்கிப் பிடிச்சுச்சு. கழுத்துக்குப் பின்னாடி மூச்சு.

"அக்கா, மெதுவா."

நான் யாருக்கும் அக்கா இல்ல. எங்க வீட்டுல நான்தான் கடைக்குட்டி.

ஐயோ அம்மான்னு கத்திக்கிட்டே ஆக்ஸிலேட்டர்ல இருந்து விரலை எடுத்தேன். வண்டி அடங்கல. கட்டைவிரலால அழுத்தற அந்த விசை போன இடத்துலேயே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. எதிர்ல ஒரு கல்மேடு. வண்டி எகிறுச்சு, நான் பக்கவாட்டுல பறந்து போய்த் தோள்பட்டை தரையில மோத விழுந்தேன். வலியிலயும் முதல்ல தோணினது, அப்பாடா, இப்ப இஞ்சின் அணைஞ்சிடும்னுதான்.

அணையல.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். வண்டி விளிம்பைப் பார்த்து நேராப் போய்க்கிட்டிருந்துச்சு. முன்சீட்டு காலி. பின்பக்கம் அமுங்கி, டயர் மட்கார்டைத் தொடற மாதிரி இறங்கியிருந்துச்சு. அங்க யாரும் இல்ல. கண்ணுக்குத் தெரியற மாதிரி யாரும் இல்ல. ஆனா குரல் மட்டும் வந்துச்சு, தூரம் போகப் போகத் தேய்ஞ்சுக்கிட்டே.

"அக்கா! அக்கா!"

டயர்த் தடுப்புல மோதி வண்டி நின்னுச்சு. நின்னும் சக்கரம் சுத்திக்கிட்டே புழுதியைக் கிளப்புச்சு. தவழாத குறையாப் போய்ச் சாவியைத் திருப்பி அணைச்சேன். அப்பதான் பார்த்தேன். சிவப்புக் கயிறு என் மணிக்கட்டுல இல்ல. ஹேண்டில்பார்லயே சுத்திச் சுத்திக் கட்டியிருந்துச்சு. நான் விழுந்தா என்ன, செத்தா என்ன, அது சுவிட்சைப் பிடுங்கவே பிடுங்காது.

அந்தப் பொண்ணு புளுகல. ஒரு எழுத்துகூடப் புளுகல.

தங்கச்சி ஏன் குதிக்கலன்னு போலீஸ் கேட்டாங்களாம். எப்படிக் குதிப்பா? முன்னாடி பிடிச்சிருந்த இடுப்பு திடீர்னு இல்லாமப் போச்சு. கையை நீட்டி அக்காவைத் தேடிக்கிட்டே போயிருப்பா. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அந்த டயருக்குப் பக்கத்துல உட்கார்ந்து, முன்னப்பின்ன தெரியாத ஒரு பொண்ணுக்காக வாய்விட்டு அழுதேன். அழுது முடிக்கறப்ப, வண்டியோட பின்பக்கம் மெல்ல மேல எழும்புச்சு.

சுருட்டை ஓடி வந்தான். அவன் சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன். "கயித்தை எதுக்குய்யா ஹேண்டில்ல கட்டின? என்னையும் சாகடிக்கப் பார்த்தியா?"

அவன் கயித்தைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போச்சு. "நானா கட்டினேன்? தெரியாமக் கட்டிட்டேன் மேடம். பழக்கதோஷம். கை தானாப் போயிடுது."

"என்ன பழக்கம்?"

"கையில மாட்டி விட்டா, குலுங்கறப்ப எல்லாம் கயிறு பிடுங்கிக்கிட்டு இஞ்சின் நின்னுடும். காசு கொடுத்து வந்தவங்க கத்துவாங்க. முதலாளி ஒரு நாள் எங்களை எல்லாம் வரிசையா நிக்க வச்சு, இனிமே ஹேண்டில்லயே சுத்தி விடுங்கடான்னு சொல்லிட்டார். கூட்டம் சேர்ந்தா ரெண்டு ரெண்டு பேரா ஏத்தி விடச் சொன்னதும் அவர்தான்."

"இதைப் போலீஸ்கிட்ட ஏன் சொல்லல? ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போகப் போறாளே, நெஞ்சு உறுத்தல?"

"உறுத்துது மேடம். சோறு இறங்கல. எனக்கும் பொண்டாட்டி, புள்ளைங்க இருக்காங்க. கட்டினது என் கைதானே?" அவன் விசும்பினான். "அன்னியில இருந்து எந்த வண்டியை எடுத்தாலும் பின்னாடி ஏறிடறா. அக்கா அக்கான்னு கூப்பிடறா. நான் அக்கா இல்லன்னு தெரிஞ்சதும் எறங்கிடறா."

ஆபீஸ் ரூம்ல முதலாளி ஏசியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். என் சட்டை கிழிஞ்சிருந்ததையும் முழங்கை ரத்தத்தையும் பார்த்துட்டும், "என்ன மேடம், நல்லா சுத்திப் பார்த்தீங்களா?"ன்னார். கயித்தை மேசை மேல எறிஞ்சேன். எல்லாத்தையும் சொன்னேன். அந்த மனுஷன் முகத்துல சிரிப்பு மாறவே இல்ல.

"ஓ, ஹேண்டில்ல கட்டியிருந்துச்சா? கட்டினது யாரு? இவன்தானே? நான் கட்டச் சொன்னேங்கறதுக்கு எங்கயாவது ஆதாரம் இருக்கா?" வாசல்ல நின்ன சுருட்டையை மோவாயால காட்டினார். "இவன் பேரை எழுதுங்க. தப்புப் பண்ணவன் அனுபவிக்கட்டும். நமக்கு என்ன? அந்தப் பொண்ணும் கையெழுத்துப் போட்டிருக்கு."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறுச்சு. "சார், ஒருத்தர் மேட்டுல குதிச்சுக் கையை உடைச்சுக்கிட்டா அந்தக் கையெழுத்து உங்களைக் காப்பாத்தும். உயிரைக் காப்பாத்தற கயித்தையே முடக்கி வச்சதுக்கு எந்தக் கையெழுத்தும் காப்பாத்தாது. அந்த ஆக்ஸிலேட்டரையும் துடைக்காம விட்டீங்க பாருங்க, அதுவும் வரும். மூடி மறைச்சதும் வரும். இங்க வர்ற வழியில மத்த வண்டியையெல்லாம் நான் போட்டோ எடுத்தாச்சு. ஒவ்வொரு ஹேண்டில்லயும் கயிறு சுத்தித் தேய்ஞ்ச தடம் இருக்கு. ஒருத்தன் பழக்கத்துக்கு எல்லா வண்டியும் தேயாது."

"பார்த்துப் பேசுங்க மேடம்"னார். அவ்வளவுதான், சிரிப்பு போயிடுச்சு. நான் கிளம்பிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழட்டினா இடுப்புல ரெண்டு பக்கமும் சிவப்பா விரல் தடம். ஒல்லி விரல். சோப்புப் போட்டுத் தேய்ச்சேன், போகல.

மறுநாள் பார்வை நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்வேயர் போய்ச் சொல்லணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு படுற பாட்டை நெனச்சா இருப்புக் கொள்ளல. எலும்பு வார்டு. பச்சைத் திரை போட்ட கடைசிக் கட்டில். பக்கத்துல அவங்க அம்மா, ரெண்டு பொண்ணைப் பெத்து ஒண்ணைப் பறிகொடுத்துட்டு, இன்னொண்ணோட காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

அந்தப் பொண்ணு என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தா. ஒப்பிக்கற மாதிரி, "நான் விழுந்தேன் மேடம். நிஜமாவே விழுந்தேன்"னா.

"தெரியும்மா. நேத்து நானும் விழுந்தேன்."

கயிறு விஷயத்தை ஒண்ணுவிடாமச் சொன்னேன். கேஸ் நிக்காது, நான் எழுதிக் கொடுத்துட்டேன், உன் மேல துளி தப்பு இல்லன்னேன். அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. "கேட்டியாடி? நான் சொல்லல? என் புள்ள அப்படிப் பண்ணாதுன்னு நான் சொல்லல?"

அந்தப் பொண்ணு அழல. "எனக்குப் புரியுதும்மா"ன்னா. "அவளுக்குத்தான் புரிய மாட்டேங்குது."

"யாருக்கு?"

போர்வையை விலக்கி, சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினா. இடுப்புல விரல் தடம். பழசு மஞ்சளா, அதுக்கு மேல நீலமா, அதுக்கும் மேல பச்சை ரத்தமாச் சிவப்பு. ஒண்ணு மேல ஒண்ணு.

"நான் அவளை விட்டுட்டுக் குதிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா மேடம். இனிமே விடக் கூடாதுன்னு பிடிச்சிருக்கா. நாளுக்கு நாள் இறுக்கறா. எலும்பு ஏன் கூடலன்னு டாக்டருக்கே புரியல. மூச்சு விட முடியல." அவ உதடு நீலம் பூத்திருந்துச்சு. "இப்படியே போனா என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவா."

என் கண் முன்னாலேயே, அவ இடுப்புல சட்டைத் துணி ரெண்டு பக்கமும் உள்ள அமுங்குச்சு. அவ வலியில முனகினா.

ஷாம்பூ வாசனை.

நான் கட்டில் ஓரமா உட்கார்ந்தேன். யாராவது பார்த்தா பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க. சொன்னா சொல்லட்டும்.

"கண்ணு, இங்க பாரு"ன்னேன். "அக்கா உன்னை விட்டுட்டுப் போகலம்மா. அவளை வண்டி தூக்கிப் போட்டுச்சு. அவ விழுந்ததும் அது நின்னிருக்கணும். நீ பத்திரமா இறங்கியிருக்கணும். நிக்க விடாமப் பண்ணிட்டாங்க."

வார்டுல அந்தப் பக்கம் யாரோ இருமினாங்க. அப்புறம் அதுவும் அடங்குச்சு.

என் காதுக்கிட்ட, அத்தனை பக்கத்துல, ஒரு மூச்சு.

"யாரு?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்றதுதான் என் உத்தியோகம். வருஷக்கணக்காச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிப் போயிருந்துச்சு. கட்டின கை யாரோடது? சுருட்டைன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. பாதியில நிறுத்திட்டேன். டயர்கிட்ட நின்னு விசும்பின அவன் முகம் ஞாபகம் வந்துச்சு.

"கட்டினவன் இல்லம்மா. கட்டச் சொன்னவர். முதலாளி."

கட்டில் கிறீச்சுனு ஒரு சத்தம் போட்டு மேல எழும்புச்சு. பெரிய பாரம் இறங்கின மாதிரி. துணி தளர்ந்து விரிஞ்சுச்சு. பச்சைத் திரை காத்தே இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி, யாரோ கடந்து போன மாதிரி திரும்ப விழுந்துச்சு. அந்தப் பொண்ணு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தா. முகத்துல ரத்தம் ஓடறது தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு, "அம்மா, பசிக்குது"ன்னா. அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

வராந்தாவுக்கு வந்து நின்னேன். மனசு அவ்வளவு லேசா இருந்துச்சு, போய் ஒரு காபி குடிக்கலாம்னு பையில சில்லறை தேடினேன். தேடிக்கிட்டே இருக்கறப்பதான் உறைச்சுது. நான் ஒருத்தியை எறங்கச் சொல்லல. இன்னொருத்தர்கிட்ட அனுப்பி வச்சிருக்கேன்.

போன் அடிச்சுது. முதலாளி.

"என்ன மேடம், எழுதிட்டீங்களாமே!" கார்ல போய்க்கிட்டே பேசறார்னு தெரிஞ்சுது. பின்னணியில டிங் டிங் டிங்னு விடாம ஒரு மணி. "வக்கீல் ஆபீசுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். உங்களைக் கோர்ட்டுல நிக்க வச்சு நார் நாராக் கிழிக்கலன்னா பாருங்க."

"சார், அது என்ன சத்தம்?"

"அட, இது வேற. வாங்கி ஒரு வாரம் ஆகல. பின்சீட்டுல ஆளே இல்ல, பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு கழுத்தறுக்குது."

"சார், நான் சொல்றதைக் கேளுங்க. வண்டியை ஓரமா நிறுத்துங்க. நிறுத்திட்டு எறங்கிடுங்க. இப்பவே."

"ஏன், மிரட்டறீங்களா? எனக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"சார், உங்க காலைப் பிடிக்கறேன், நிறுத்துங்க!" வராந்தாவுல எல்லாரும் திரும்பிப் பார்க்கற அளவுக்குக் கத்தினேன்.

போன்ல 'க்ளிக்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நிதானமா, சுத்தமா. பெல்ட்டோட கொக்கியை மாட்டற சத்தம்.

டிங் டிங் நின்னுடுச்சு.

"அப்பாடா"ன்னு முதலாளி சிரிச்சார். "பார்த்தீங்களா, தானாவே சரியாயிடுச்சு. புது வண்டின்னா இப்படித்தான், கொஞ்ச நாள்..."

பேச்சு பாதியில அறுந்துச்சு. இஞ்சின் சத்தம் மட்டும் வந்துச்சு. கண்ணாடியைப் பார்த்திருப்பார்னு நினைக்கறேன். மறுபடி அவர் குரல் வந்தப்போ, அது அவர் குரல் மாதிரியே இல்ல, சின்னதாப் போயிருந்துச்சு.

"யாரும்மா நீ?"

அவர் கேட்டது என்னை இல்ல.